அப்பள லேபிளில் இருக்கும் நம்பர்: எங்கள் வீட்டு லேண்ட்லைன் பற்றி

கல்லிடைக்குறிச்சியில் நாங்கள் போடும் அப்பளத்தின் லேபிளில், அடிவரியில் 04634 என்று ஆரம்பிக்கும் நம்பர் ஒன்று இருக்கும். 1993-ல் அத்தை, அதாவது என் மாமியார், வாங்கிய இணைப்பு. அப்போது எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில்கூட ‘பி.பி.’ (அடுத்த வீட்டில் சொன்னால் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தம்) என்று போட்டு எங்கள் நம்பர்தான். மஸ்கட்டிலிருந்து எவன் மகனோ கூப்பிட்டு, “ஆச்சி, அம்மையக் கூப்பிட்டு வைங்க, அஞ்சு நிமிசத்துல திரும்பப் பண்ணுதேன்” என்பான். உளுந்த மாவைப் பிசைந்த கையோடு நான் ஓடுவேன். பின்னால் நம்பருக்கு முன்னே ஒரு 2 சேர்ந்ததே தவிர வேறு மாற்றம் இல்லை. மும்பை மாதுங்காவில் இருக்கும் ஒரு மாமி இன்றைக்கும் அந்த நம்பருக்குத்தான் ஆர்டர் சொல்லுகிறாள்.

செம்புக்கம்பி போனுக்கு நான் நூற்றுக்கு எண்பது போடுவேன். காரணம் ஒன்றே ஒன்று: கரண்டு போனாலும் அது பேசும். அதற்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து அந்தக் கம்பியிலேயே வந்துவிடும். மணி அடிக்கும்போது ஏறுவது அதைவிடக் கூட. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மழையில் லைன் கரகரத்தது என்று ஒருநாள் ரோசெட்டை, அதாவது சுவரில் போன் வயரை மாட்டும் சின்ன டப்பாவை, கழற்றி, ஈரக்கையால் வயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து எவரோ கூப்பிட்டார்கள். கை தோள்பட்டை வரை சுரீர் என்றது. லைன்மேன் அண்ணாச்சி வந்து, “கூப்பிட்டது யாருன்னு கேட்டியா தாயி?” என்று சிரித்தார்.

மீதி இருபதைக் குறைத்ததும் அந்தக் கம்பிதான். முதலில் சாலை அகலப்படுத்தினார்கள், அப்புறம் குடிதண்ணீர்க் குழாய், அப்புறம் சாக்கடை. ஒவ்வொரு தடவையும் ஜேசிபி கேபிளைக் கடித்துப் போட்டது. ஜாயின்ட் போட்ட இடத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால் ஐப்பசி முழுக்க ‘கொர்ர்’தான், நடுவில் அடுத்த வீட்டுச் சண்டையும் கேட்கும். (அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.) தெருவில் கம்பிகள் பிரியும் எந்த டிபி பாக்ஸில் எந்த ஜோடிக் கம்பி எங்களுடையது என்பது அண்ணாச்சியின் தலைக்குள் மட்டும் இருந்தது. அவர் விருப்ப ஓய்வில் போனார், அந்தக் கணக்கும் அவரோடு போய்விட்டது. அதற்கப்புறம் புகார் கொடுத்தால் பதிவு எண் வரும், ஆள் வரமாட்டார். 2021 ஜனவரியில் செல்போனுக்கு அடிக்க முன்னால் 0 போடவேண்டும் என்று ஆக்கினார்கள். அத்தை கடைசிவரை அதற்குப் பழகவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கும் பேரனுக்கு எதற்கு எஸ்.டி.டி. மாதிரி பூச்சியம் என்று சண்டை.

“செம்பு இனிமே ஓடாதும்மா, ஃபைபருக்கு மாறிக்கோங்க, அதே நம்பர்தான்” என்றார்கள். 2023 புரட்டாசியில் மாறினோம். குரல் கண்ணாடி மாதிரி தெளிவு, குறை சொன்னால் வாய் அழுகிவிடும். மகளுக்கு இன்டர்நெட்டும் கிடைத்தது. ஆனால் ஃபைபருக்காகச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டிக்குக் கரண்டு வேண்டும் என்று மட்டும் எவரும் வாயைத் திறக்கவில்லை.

மார்கழி பிறந்த கையோடு, டிசம்பர் 17-ல் பிடித்த மழைதான் அதைச் சொன்னது. பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் திறந்துவிட்ட தண்ணீர் தாமிரபரணியில் ஏற ஏற, ஊரில் கரண்டு போனது. வெள்ளைப் பெட்டியும் அதே நிமிடம் போனது. ராத்திரிக்குள் செல்போனில் டவரும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் மட்டும், “இருக்கிறது இருக்கட்டும்” என்று பழைய கம்பியை விடாமல் வைத்திருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் ஈரப்புடவையோடு வரிசை நின்று பேசினோம். காயல்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு நான் அடித்தேன். ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய ஊர் அது. மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. மறுநாள் மத்தியானம் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி தீர்ந்து டீச்சர் வீட்டு டயல் டோனும் நின்றது. தங்கச்சி குரலைக் கேட்க நாலு நாள் ஆனது.

மாறப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன்: பெட்டியோடு சேர்த்து 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் தாங்குகிறது. அதுபோக, நமக்கு ஃபைபர் லைன் கொடுக்கும் கேபிள்காரர் வீட்டிலும் கரண்டு இருக்க நீங்கள் வேண்டிக்கொள்ளவேண்டும்.

டீச்சர் வீட்டுக் கம்பியும் போன வைகாசியில் அறுந்தது, அவரும் ஒட்டச்சொல்லிக் கேட்கவில்லை. லேபிள் இன்னும் ஒன்றரைக் கட்டு இருக்கிறது. அடுத்து அச்சுக்குக் கொடுக்கும்போது செல் நம்பர் போதும் என்கிறாள் மகள். “மாதுங்கா மாமிக்கு நீ போய்ச் சொல்லிட்டு வா, பிறகு பாக்கலாம்” என்றிருக்கிறேன்.