என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பொருள் பரிசோதனை: ஆய்வகச் சேவை குறித்த மதிப்புரை

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள், தன்னை யாரோ கண்காணிப்பதாகச் சொல்லி உறக்கமின்றித் தவித்த இரண்டாவது வாரத்தில் வலிப்பும் வந்துவிட்டதால், மனநல மருத்துவரே அவளை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்; அவர் எழுதிக்கொடுத்த இப்பரிசோதனையைத் தனியார் ஆய்வகம் ஒன்றில் செய்துகொண்டோம்.

இப்பரிசோதனை தேடுவது என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி என்னும் நோயை. உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே எதிர்ப்பொருள் என்னும் புரதங்களை உண்டாக்கி, மூளை நரம்பணுக்களில் செய்தியைப் பெறும் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் இந்நோயில் பிரமையும் அச்சமும் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுகின்றன. சிலருக்குச் சூலகத்தில் உள்ள டெரட்டோமா கட்டி அதைத் தூண்டுகிறது. 2007-இல் ஹோசப் டால்மாவ் குழுவினர் இதன் எதிர்ப்பொருளை அடையாளம் காட்டும் முன்னர், இத்தகைய பெண்கள் எத்தனை பேர் வெறும் மனநோயாளிகளாகக் கருதப்பட்டிருப்பார்களோ!

ஏற்பியைத் தாங்குமாறு மாற்றப்பட்ட செல்களின் மீது மாதிரியை இட்டு, ஒளிரும் சாயத்தின் துணையுடன் நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைத்தான் இங்கே பின்பற்றுகிறார்கள். அறிக்கையும் தெளிவாக இருந்தது. ஆனால், ரத்தம் மட்டும் போதும் என்று முன்பதிவு மேசையில் சொன்னது பெரும் பிழை. முதுகில் ஊசியிட்டு எடுக்கும் மூளைத் தண்டுவட நீரில்தான் இந்த எதிர்ப்பொருள் நம்பகமாகத் தென்படும். ரத்தத்தில் அது தவறிப்போகவும் கூடும், பொய்யாகத் தென்படவும் கூடும். மருத்துவர் வற்புறுத்தியதால் இரண்டையும் அனுப்பினோம்: ரத்தத்தில் இல்லை, தண்டுவட நீரில் இருந்தது.

முடிவு வர ஆறு நாட்களாயின. அதற்குள் நோயெதிர்ப்பின் தாக்குதலைத் தணிக்கும் மருந்துகளான ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் தொடங்கப்பட்டிருந்தன என்பது மருத்துவரின் முன்யோசனை, ஆய்வகத்தின் வேகமன்று. பரிசோதனைக்கு ஐந்துக்கு ஐந்து. முன்பதிவு மேசைக்கு இரண்டு.