ஷராகுவா, தொயோகுனியா? ஒரே கபுகி மேடை, இரண்டு பார்வைகள்

எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) கபுகி என்ற ஜப்பானியப் பாரம்பரிய நாடகத்தின் நடிகர்களை வரைந்த மரப்பலகை அச்சுப் படங்களுக்கு எப்போதும் கிராக்கி இருந்தது. அந்த வியாபாரத்தில் 1794ஆம் ஆண்டு மறக்க முடியாதது. ஆண்டின் தொடக்கத்தில் இசுமியா இச்சிபே என்ற பதிப்பாளர், 25 வயது உத்தகாவா தொயோகுனியை வைத்து முழு உருவ நடிகர் படங்களை வரிசையாக வெளியிட ஆரம்பித்தார். ஐந்தாம் மாதத்தில் சுதாயா ஜூசபுரோ என்ற இன்னொரு பதிப்பாளர், யாரும் கேள்விப்படாத தோஷூசாய் ஷராகுவின் 28 மார்பளவுப் படங்களை ஒரே மூச்சில் இறக்கினார். எல்லாவற்றுக்கும் பின்னணியில் மினுங்கும் கரிய மைக்காப் (அப்பிரகம்) பொடி. புது ஆளை நம்பி இவ்வளவு செலவு செய்தது பெரிய துணிச்சல்தான்.

அந்த 28இல் எல்லோரும் அறிந்தது, மூன்றாம் ஒதானி ஒனிஜி என்ற நடிகர் எடோபே என்ற அடியாளாக நிற்கும் படம். பணத்தைப் பறிக்கப் பாயும் கணம் அது. முகவாய் முன்னே நீண்டிருக்கிறது, புருவம் ஏறியிருக்கிறது, உதடு இறுகியிருக்கிறது. கிமோனோவின் மார்புப் பிளவிலிருந்து இரண்டு கைகளும் விரல்களை விறைத்து விரித்தபடி வெளியே வருகின்றன. முகத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கைகள் ரொம்பச் சின்னவை. ஆனால் பார்க்கிறவரை மிரட்டுவதே அந்தக் கைகள்தான்.

பெண் வேடங்களில் ஷராகு இன்னும் இரக்கமற்றவர். இரண்டாம் செகாவா தோமிசபுரோ என்ற நடிகரை யாதோரிகி என்ற பெண் வேடத்தில் வரைந்தபோது, அலங்காரத்துக்கு அடியில் இருக்கும் ஆணின் நீண்ட முகத்தை அவர் மறைக்கவே இல்லை. ரசிகர்களுக்கு இது பிடித்திருக்குமா? நடிகர்களை அளவுக்கு மீறி உள்ளபடியே வரைந்ததால் அவர் நீடிக்கவில்லை என்று அதே காலத்து எழுத்தாளர் ஓத்தா நம்போ குறித்து வைத்திருக்கிறார். பத்து மாதம் போல வரைந்துவிட்டு, 1795 தொடக்கத்தோடு ஷராகு காணாமல் போனார்.

தொயோகுனியிடம் மைக்கா மினுக்கு கிடையாது. வெறும் சாம்பல் பின்னணி, காலடியில் கொஞ்சம் தரை, ஓரத்தில் நடிகரின் பரம்பரைப் பெயர், அவ்வளவுதான். முகத்தில் ஆழம் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, அங்கியின் மடிப்பு எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ரசிகர் கண்டது இதைத்தான்.

மார்பளவுப் படத்தில் ஷராகுவுக்கு ஈடு கிடையாது. முழு உருவம் என்று வந்தால் என் ஓட்டு தொயோகுனிக்குத்தான். ஷராகுவும் அடுத்த கட்டத்தில் முழு உருவத்துக்கு மாறினார். முதலில் வந்தவற்றில் உயிர் இருக்கிறது. பதினோராம் மாதத்துப் படங்களுக்கு வரும்போது எண்ணிக்கை கூடி, கோடு தளர்ந்துபோகிறது. தொயோகுனியோ குனிசதா, குனியோஷி என்று சீடர்களை வளர்த்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு நடிகர் படம் என்றாலே உத்தகாவா பாணிதான் என்றானது.

1910இல் ஜெர்மானியரான யூலியுஸ் குர்த் ஷராகுவைப் பற்றி நூல் எழுதினார். அதற்குப் பிறகு மேற்கில் ஷராகுவின் மதிப்பு மளமளவென்று ஏறியது. அது நியாயமான புகழ்தான். அதற்காகத் தொயோகுனியை ஊருக்குப் பிடித்ததை வரைந்தவர் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கபுகி நடிகர் உச்சி முதல் பாதம் வரை நடிப்பவர். அந்தப் பாதம் வரை நமக்கு விட்டுப்போனவர் தொயோகுனி.