கீசரை மாற்றப் போகிறீர்களா? குமரி மாவட்டத்தில் எந்த ஊருக்கு எது கட்டுப்படியாகும்

பழைய கீசர் ஒழுக ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது கடை விலையைத்தான். ஆனால் வீடு குளச்சலிலா, குலசேகரத்திலா, ஆரல்வாய்மொழியிலா என்பதைப் பொறுத்து அதே கருவிக்கு ஆகும் செலவு வெகுவாக மாறும்.

நமக்குச் சாதகமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். அப்படியென்றால் தண்ணீர் ஓட ஓடவே சூடாக்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் தண்ணீர் விட்டால் சுமார் 14 டிகிரி ஏற்றித் தரும். 27 டிகிரித் தண்ணீர் 41 ஆகிவிடும். ஊட்டியில் 15 டிகிரித் தண்ணீரை இதே ஹீட்டரில் விட்டால் 29 டிகிரியில் நின்றுவிடும். குளிர்ப் பிரதேசத்துக்குச் சொல்லப்படும் 25 லிட்டர் கீசரை நாம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

வாளியில் குளிக்கிற வீட்டுக்கு, டேங்கில் சேர்த்துவைத்துச் சூடாக்கும் 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் வசதி. 2 கிலோவாட் கருவி 60 டிகிரிக்குக் கொண்டுபோக 17 நிமிடம் போல ஆகும், யூனிட் 0.6 கூட வராது. பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய இரண்டு வாளி கிடைக்கும். நம் மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே 500க்கு மேலுள்ள யூனிட் மட்டுமல்ல, முந்தைய யூனிட்களின் விலையும் ஏறிவிடும்.

கடற்கரையில் கணக்கு வேறு. முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் போர் தண்ணீர் உப்பு கரிக்கும் வீடுகளில் சாதாரண ஸ்டீல் டேங்க் சீக்கிரம் துளை விழும். தண்ணீரிலுள்ள குளோரைடு ஸ்டீலைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அங்கே கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்க்தான் என் தேர்வு, கூடுதல் விலை கொடுத்தாலும் சரி. அதற்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். டேங்குக்குப் பதில் அதுதான் கரையும். அது தீர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டால் டேங்க் அரிக்கத் தொடங்கும். வருடாவருடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் சேர்த்து, தெருக்குழாய் நல்ல தண்ணீரைக் கீசருக்குத் தனியாக இழுக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில வீடுகளில் குழாய் இழுப்பதே லாபமாக முடியும்.

சோலார் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, வெயில் தாராளம். மொட்டைமாடி இருந்தால் யோசிக்காமல் போடலாம். ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு மட்டும் ஸ்டாண்டைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், வெறுமனே கல் வைத்து நிறுத்தக் கூடாது. மேற்கே, அருமனை, குலசேகரம் பக்கம் ஜூனில் தொடங்கும் மழை இரண்டு பருவத்தையும் தொட்டு டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். வெந்நீர் அதிகம் தேவைப்படுவது அந்த மழை நாட்களில்தான், சோலார் கைவிடுவதும் அப்போதுதான். பேறுகாலம் முடிந்த பெண்ணோ மூட்டுவலிக்காரப் பெரியவரோ இருக்கும் வீட்டில் அதை மட்டும் நம்ப முடியாது. உள்ளே கரண்ட் காயிலும் வைத்தாக வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு செலவு. போதாததற்கு ரப்பர், தென்னை நிழல். ஓட்டு வீடென்றால் 200 லிட்டர் டேங்க் தண்ணீரே 200 கிலோ கனம், தனி மேடை கட்டாமல் ஏற்ற முடியாது.

சோலாரிலும் இரண்டு வகை உண்டு. செம்புக்குழாய்த் தட்டு வகை உறுதியானது, ஆனால் கடின நீரில் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக்குழல் வகை அவ்வளவு எளிதில் அடைக்காது, விலையும் குறைவு. மரக்கிளையோ தேங்காயோ விழுந்தால் உடையும். தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேஸ் கீசர் கரண்ட் இல்லாதபோதும் ஓடும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் இருந்த மாவட்டத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் மூடிய குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணக்காது, ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். வெளிச்சுவரில் காற்றோட்டமாக மாட்ட இடமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் நம் வெப்பக் காற்றில் நன்றாகவே ஓடும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். ஆனால் விலை அதிகம், கடற்காற்றில் அதன் தகடுகள் அரிக்கும். லாட்ஜுக்குச் சரி, நாலு பேர் வீட்டுக்குத் தேவையில்லை.

அப்புறம் கூலி. மேற்கே போகப் போகக் கேரளத்துக் கூலியை ஒட்டித்தான் பேசுவார்கள். 3 கிலோவாட் கருவிக்கு 13 ஆம்பியர் ஓடும். பழைய வீடென்றால் தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், எர்த், கசிவு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி எல்லாம் சேர்த்தே ரேட் கேளுங்கள். சர்வீஸ் ஆள் நாகர்கோவிலிலிருந்து வருவாரா, மார்த்தாண்டத்திலிருந்தா, வந்துபோகத் தனிப் பணம் உண்டா என்பதையும் பில் போடும் முன்பே கடையில் கேட்டுவிடுங்கள்.