மகாபலிபுரம் ஃபேமிலியோட போறீங்களா? டிக்கெட்டை நீங்களே எடுங்க

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா, வைஃப், ரெண்டு பசங்களோட ஈசிஆர்ல மகாபலிபுரம் கிளம்பினோம், காலைல போய்ட்டு சாயந்தரம் வந்துடலாம்னு. கடற்கரைக் கோயில் பார்க்கிங்ல கார் கதவைக்கூட முழுசா திறக்கல, கழுத்துல டேக் போட்ட ஒருத்தர் வந்து நிக்குறாரு. "சார் கவர்மென்ட் கைடு, வெயில்ல பாட்டியம்மாவை க்யூல நிறுத்தாதீங்க, மூணு இடத்துக்கும் நானே எடுத்துத் தரேன்"னாரு. அம்மாவுக்கு முட்டி வலி, சரின்னுட்டேன். டேக் பின்பக்கமா திரும்பித் தொங்குச்சு, என்னன்னு பார்த்திருக்கணும்.

தலைக்கு 40, அஞ்சு பேரு, மூணு இடம்னு 600 ரூபா. கைடு ஃபீஸ் 800 தனி. கடற்கரைக் கோயில் ராஜராஜ சோழன் கட்டினதுன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, அது பல்லவ ராஜா ராஜசிம்மன் காலத்துதுன்னு எனக்கே தெரியும், ஆனா வாயத் திறக்கல. சின்னவனோட சாக்கோபார் டிக்கெட் மேல ஒழுகிடுச்சு, அவரே துடைச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு. அடுத்து வெண்ணெய் உருண்டைப் பாறை, அந்தச் சரிவுல அது எப்படி நிக்குதுன்னு பசங்க அங்கேர்ந்து வரவே மாட்டேன்னுட்டாங்க, அது மட்டும் குறையே இல்ல.

ஐந்து ரதம் போற வழியில "சொந்தக்காரர் பட்டறை"ன்னு ஒரு கடை. பட்டறைன்னா உளிச் சத்தம் கேக்கணும், கல்தூசி இருக்கணும், ரெண்டும் இல்ல. 3500 சொன்ன கருங்கல் பிள்ளையாரை அம்மா பேரம் பேசி 2200க்கு வாங்கினாங்க, ஜெயிச்ச மாதிரி சந்தோஷம் வேற.

ரதம் கேட்ல அவர் நீட்டின "புது டிக்கெட்"டை நான் கையில வாங்கினா, அதே சாக்லேட் கறை! மூணு பேர், 120 ரூபான்னு அச்சடிச்சிருக்கு. கேட்ல கேட்டப்புறம்தான் தெரியுது, கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டை குன்று எல்லாத்துக்கும் அன்னிக்கு ஒரே டிக்கெட்தான், 15 வயசுக்குக் கீழ பசங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அர்ஜுனன் தபசு ரோட்லேர்ந்தே ஓசில பார்க்கலாம். நான் திரும்பிப் பார்க்குறதுக்குள்ள ஆளு போனைக் காதுல வச்சுக்கிட்டு நடந்துட்டாரு.

புலிக்குகை மூடிட்டாங்கன்னும் அவர்தான் சொன்னாரு. 2004 சுனாமிக்கு அப்புறம் சாளுவன்குப்பத்துல வெளிய வந்த பழைய முருகன் கோயில் அதுக்குப் பக்கத்துலதான், ரொம்ப நாளா பார்க்கணும்னு இருந்தேன். திரும்பி வரப்போ பார்த்தா வாசல்ல கார் வரிசையா நிக்குது, ஜனம் உள்ள போய்ட்டிருக்கு. அதுக்குள்ள அம்மாவால கால் ஊன முடியல, நேரா வீட்டுக்கு வந்துட்டோம்.

நைட்டு பிள்ளையாரைத் திருப்பிப் பார்த்தா ரெண்டு பக்கமும் அச்சு ஒட்டின கோடு, ஹேர்பின்னால கீறினா வெள்ளை வெள்ளையா மாவு. தூக்கிப் போடலாம்னா அம்மா விடல, துளசி மாடத்துக்கிட்ட வச்சுட்டாங்க. போன வாரம் பெஞ்ச மழைல கருப்பு சாயம் கரைஞ்சு மாடம் பூரா ஒழுகிக் கிடக்கு.