இன்டர்லேண்ட்: இணைய ஒழுக்கம் கற்பிக்கும் ஒரு விளையாட்டு

கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் குழந்தைகளுக்காக வெளியிட்ட 'இன்டர்லேண்ட்', உலாவியிலேயே கட்டணமின்றி விளையாடக்கூடியது. கணக்கு தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. நான்கு உலகங்களில் மிகச் சிறந்தது 'மைண்ட்ஃபுல் மவுண்டன்'. கண்ணாடிகளைத் திருப்பி ஒளிக்கற்றையை உரியவரிடம் மட்டும் சேர்ப்பிக்க வேண்டும் என்ற விதியின் மூலம், ஒரு தகவலை யாருடன் பகிரலாம், யாருடன் பகிரக்கூடாது என்பதை எந்த அறிவுரையும் இல்லாமலேயே குழந்தையின் கைகள் கற்றுக்கொள்கின்றன. 'டவர் ஆஃப் ட்ரெஷர்' வலுவான கடவுச்சொல்லை வலியுறுத்துகிறது. பிறரைத் துன்புறுத்துவோரைத் தடுத்து அன்பைப் பரப்பும் 'கைண்ட் கிங்டம்' சிறுவர்களுக்குப் பிடிக்கும். 'ரியாலிட்டி ரிவர்' மட்டும் ஏமாற்றமளிக்கிறது. போலித் தகவல்களை இனங்காணும் திறனை அது வெறும் கேள்வி-பதிலாகச் சுருக்கிவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளோ தேர்ந்தெடுக்க விடைகளோடு வருவதில்லை.

பெரிய குறை வேறொன்று. ஆபத்து என்றால் ஊடுருவிகளும் வம்பர்களும் மட்டுமே என்று காட்டும் இவ்விளையாட்டு, விளம்பரத்தை வருவாயாகக் கொண்ட நிறுவனங்கள் பயனர்களின் தரவுகளைத் திரட்டுவதைப் பற்றி ஏறக்குறைய மௌனமாகவே இருக்கிறது. தயாரித்தவர் யார் என்பதை நினைத்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகளுக்கு இதைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பெற்றோரோ ஆசிரியரோ அருகில் அமர்ந்து, விளையாட்டு சொல்லாமல் விட்ட அந்தப் பகுதியையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.