நாடு பார்த்து ஆளைத் தடுப்பது: ரோஸ் ஹில் பூஜைக் கடையின் சில ஆண்டு அனுபவம்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைய இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணான ஐபி முகவரியை வைத்து நாட்டைக் கண்டுபிடித்து ஆட்களைத் தடுக்கும் வசதி, இணையதளத்தின் பின்கதவுக்கு நல்ல பூட்டு. அதையே முன்கதவுக்குப் போட்டால் வாங்க வந்தவர்தான் வெளியே நிற்பார்; திருட வந்தவர் வேறு வழியாக வந்துவிடுவார்.

மொரிசியஸில் ரோஸ் ஹில்லில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். வேல், விபூதி, சந்தனம், சாம்பிராணி, பித்தளை விளக்கு, காவடி எடுப்பவர்கள் இங்கே உடுத்தும் ஆழ்ந்த ரோஸ் நிறத் துணி. தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்கள்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில், விற்பனைப் பகுதிக்கு அதோடு சேரும் வூகாமர்ஸ். ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது என்பதால் நானே பார்த்துக்கொள்கிறேன். வாங்குபவர்கள் உள்ளூர்க்காரர்கள், பக்கத்துத் தீவான ரியூனியன்காரர்கள், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் சிலர், பிரான்ஸிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிவிட்ட நம் ஊர்ப் பிள்ளைகள்.

நாட்டுத் தடையைத் தேடிப் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நிர்வாக நுழைவுப் பக்கத்தில் இரவு பகலாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள். மற்றொன்று அதைவிடத் தொல்லை. திருடிய கார்டு எண்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, எங்கள் தளத்திலேயே மலிவான பொருளான கற்பூரப் பாக்கெட்டை வரிசையாக ஆர்டர் செய்து பார்ப்பார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் கட்டண நிறுவனத்திடமிருந்து கேள்வி வரும், அபராத எச்சரிக்கை வரும். பொருள் அனுப்பவே முடியாத நாடுகளிலிருந்து வந்தவைதான் அதிகம். அப்புறம் அந்த நாடுகளை ஏன் உள்ளே விட வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் வரும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கலெல்லாம் அதிலிருந்து பிறந்தவை. ஐபி முகவரிக்குள் நாடு எழுதியிருக்காது. உலகில் ஐந்து பதிவகங்கள் முகவரிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கும் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குமான பதிவகம் ஆஃப்ரினிக். 2005இல் அங்கீகாரம் பெற்றது. அதன் அலுவலகம் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், எபேனில்தான் இருக்கிறது. இந்தத் தொகுதி இந்த நாட்டு நிறுவனத்துக்குப் போனது என்று பதிவேட்டில் இருக்கும். மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் அதோடு வேறு பல தடயங்களையும் சேர்த்துத் தரவுத்தளம் ஆக்குகின்றன. தளத்தில் சேர்க்கும் துணை நிரலான பிளகினோ, தளத்துக்கு முன்னால் நின்று வருபவர்களை வடிகட்டும் சேவையான கிளவுட்ஃபிளேரோ பார்ப்பது அப்படி ஒரு பட்டியலைத்தான்.

ஆக, பட்டியல் சொல்வது முகவரி யார் பெயரில் எங்கே இருப்பதாகக் கணிக்கப்படுகிறது என்பது மட்டும். முகவரிகள் விற்கப்படும், வாடகைக்குப் போகும், கண்டம் தாண்டும். ஆப்பிரிக்காவுக்கு ஒதுக்கிய முகவரிகள் கண்டத்துக்கு வெளியே பயன்படுவது பற்றிய தகராறு எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கே போய், 2021இல் ஆஃப்ரினிக்கின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. 2023இல் நீதிமன்றமே பொறுப்பாளர் ஒருவரை நியமித்தது. நகர அளவுக்குப் போனால் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாத கோடிக்கணக்கான முகவரிகளுக்கு நாட்டின் நடுப்புள்ளி ஒன்றைக் கொடுத்துவைத்திருந்தார்கள். அந்தப் புள்ளி கன்சாஸில் ஒரு பண்ணை வீட்டில் விழுந்து, அங்கே குடியிருந்தவர்கள் வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் போலீஸ் வந்துகொண்டிருந்தது 2016இல் செய்தியானது. பிறகு புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள். அதனால் நகரம், மாவட்டம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். நாடு வரைக்கும்தான் இதற்கு மரியாதை.

அந்த நாடும் எங்களுக்குத் தகராறு. ரியூனியன் எந்த நாடு?

அரசியலில் அது பிரான்ஸின் ஒரு மாவட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி, பணம் யூரோ. நாட்டுக் குறியீட்டுப் பட்டியலிலோ அதற்குத் தனிக் குறியீடு: ஆர்ஈ. பிரான்ஸுக்கு எஃப்ஆர். முகவரிப் பதிவில் அது ஆஃப்ரினிக் வட்டாரத்தில் வரும். ஆனால் அங்கே இணையம் தரும் நிறுவனங்களில் பல பிரான்ஸைத் தாயகமாகக் கொண்டவை, ஐரோப்பியப் பதிவகத்தின் முகவரிகளையும் பயன்படுத்துகின்றன. விளைவு: செந்-ஆந்த்ரேயில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் எனக்கு ஆர்ஈ ஆகத் தெரிவார், மற்றவர் எஃப்ஆர். கைபேசியில் ஒரு நாடு, வீட்டு வைஃபையில் இன்னொரு நாடு என்று இருப்பவரும் உண்டு. ஆர்ஈயை மட்டும் திறந்துவைத்தால் பாதித் தீவு வெளியே. எஃப்ஆரையும் திறந்தால் பிரான்ஸில் சர்வர்களை வாடகைக்கு விடும் டேட்டா சென்டர்கள் அத்தனையும் உள்ளே.

தடை மட்டுமல்ல, விலையும் மாறும். டிவிஏ என்ற மதிப்புக் கூட்டு வரி ரியூனியனில் 8.5 சதவீதம், பிரான்ஸில் 20. ரியூனியனுக்குள் வரும் சரக்குக்கு ஒக்த்ருவா தெ மேர் என்ற தீவு வரி தனியாக உண்டு. பார்சல் செலவும் வேறு. ஐபியைப் பார்த்து இறக்குமதி வரி மதிப்பீட்டைக் காட்டும் வசதியைப் போட்டிருந்த காலத்தில், செந்-பியேரிலிருந்து ஓர் அம்மா கிரியோலில் போன் போட்டுக் கேட்டார்: நேற்று மகன் போனில் பார்த்த விலை ஒன்று, இன்று என் போனில் ஒன்று, கடையில் பேரம் பேசுவது இப்படித்தானா என்று. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இப்போது வரிக் கணக்கு, பார்சல் செலவு எதற்கும் ஐபியை நம்புவதில்லை; அஞ்சல் குறியீடு 974 என்று தொடங்கினால் ரியூனியன், அவ்வளவுதான். ஐபி செய்வது முதல் பார்வையில் ரூபாயா, யூரோவா, ராண்டா என்று ஊகிப்பது மட்டும். பக்கத்திலேயே மாற்றும் பொத்தானும் இருக்கிறது.

ஆரம்பத்தில் பயன்படுத்தியது ஒரு பிளகின். பெயர் வேண்டாம், இதே குணம் அந்த வகைப் பிளகின்கள் பலவற்றுக்கும் உண்டு. முதல் உபத்திரவம் கேஷ். பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று, பக்கத்தின் நகலைச் சேமித்து நீட்டும் கேஷ் வைத்திருப்போம். தடை விதிக்கப்பட்ட நாட்டிலிருந்து ஒருவர் வந்தால் அவருக்குக் காட்டிய தடைப் பக்கத்தையே கேஷ் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்து வரும் உள்ளூர்க்காரருக்கும் நீட்டும். மறுபக்கம், சேமித்த பக்கத்தைத் தடுக்கப்பட்டவருக்கும் தாராளமாகக் கொடுக்கும், ஏனென்றால் தடுக்க வேண்டிய பிளகினின் நிரல் அப்போது ஓடவே ஓடாது. இரண்டாவது, முன்னால் கிளவுட்ஃபிளேர் போல இடையில் நின்று கைமாற்றும் ப்ராக்ஸி இருந்தால் பிளகின் பார்ப்பது வாடிக்கையாளரின் முகவரியை அல்ல, ப்ராக்ஸியின் முகவரியை. உண்மையான முகவரி, கோரிக்கையோடு சேர்ந்து வரும் தனிக் குறிப்பில் (ஹெட்டர்) இருக்கும். அதைப் படிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, தரவுத்தளம் பழசாகும். மேக்ஸ்மைண்டின் இலவச ஜியோலைட்2 கோப்பை 2019 டிசம்பர் இறுதிவரை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கணக்குத் தொடங்கி உரிமச் சாவி வாங்க வேண்டும். சாவி போடாத பழைய பிளகின்கள் பல, சத்தமே இல்லாமல் பழைய பட்டியலிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

அதனால் தடையை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றினேன். இலவசத் திட்டத்திலேயே ஐந்து விதிகள் எழுதலாம். என் போன்ற கடைக்குப் போதும். விதி நம் சர்வருக்கு வருவதற்கு முன்பே ஓடிவிடுவதால் கேஷ் தகராறு இல்லை. ஒரு நாட்டை முழுக்க அடைக்காமல், மனிதர்தானா என்று சோதித்து உள்ளே விடும் வழியும் இருக்கிறது. என்னைக் கேட்டால், முழுத் தடையைவிட இதுவே மேல். ஒன்றை மறக்கக் கூடாது: நம் சர்வரின் நேரடி முகவரி வெளியே தெரிந்தால் விதிகளைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். கிளவுட்ஃபிளேரின் முகவரிகளைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி சர்வரை அமைத்தால்தான் இதெல்லாம் அர்த்தமாகும்.

தடை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் மனிதர்களை மட்டுமே யோசிக்கிறார்கள். தளத்துக்கு வரும் நல்லவர்களில் இயந்திரங்களும் உண்டு. தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்க வரும் கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்து வருகிறது; அமெரிக்காவை அடைத்தால் தேடலில் காணாமல் போவோம். ஃபேஸ்புக்கில் இணைப்பைப் போட்டால் படமும் தலைப்பும் எடுக்க வருவதும் வெளிநாட்டுச் சர்வர்தான். பணம் வந்துவிட்டது என்று கட்டண நிறுவனம் நம் தளத்துக்கு அனுப்பும் செய்தியும் எந்த நாட்டிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அது தடைப்பட்டால் வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார், ஆர்டர் மட்டும் காத்திருக்கிறது என்றே காட்டும். இன்னும் மறைவான ஒன்று, தளத்தின் இணைப்பு பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ். 90 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும், அதற்கான சோதனை 2020 முதல் உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் நடக்கிறது, எந்த முகவரிகளிலிருந்து என்று அவர்கள் பட்டியல் வெளியிடுவதில்லை. நாட்டுத் தடை போட்ட அன்று எல்லாம் சரியாக இருக்கும். மாதங்கள் கழித்துத் தளம் பாதுகாப்பற்றது என்று உலாவி அலறும்போது இரண்டையும் முடிச்சுப் போடவே தோன்றாது. சான்றிதழ்ச் சோதனைக்கான பாதையையும் கட்டணச் செய்தி வரும் பாதையையும் எல்லா விதிகளுக்கும் முன்னால் விலக்கிவிட வேண்டும்.

மனிதர்களிடம் வருவோம். பழனிக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்கள் இப்போது பயண இ-சிம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த இணைப்பு பல நேரம் மூன்றாவது ஒரு நாட்டின் வழியாக வெளியே வரும். ஆள் மொரிசியஸ்காரர், இருப்பது தமிழ்நாட்டில், எனக்குத் தெரிவது சிங்கப்பூர். சொந்த சிம்மிலேயே ரோமிங் போனால் நேர் எதிர்: எங்கிருந்தாலும் பெரும்பாலும் ஊர் முகவரியே தெரியும்.

2024இல் நடந்தது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. தீபாவளி முடிந்த கையோடு, நவம்பர் 1ஆம் தேதி, பொதுத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, சமூக ஊடகங்களை 11ஆம் தேதிவரை முடக்கும்படி இங்கே உத்தரவு போனது. மறுநாளே அதை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் கையில் போன் வைத்திருந்தவர்கள், இணைப்பை வேறு நாட்டின் வழியாகத் திருப்பும் விபிஎன் இறக்கிக்கொண்டார்கள். ரோஸ் ஹில்லிலும் கத்ர் போர்னிலும் உட்கார்ந்திருந்த என் வாடிக்கையாளர்கள் திடீரென்று நெதர்லாந்துக்காரர்களாகவும் அமெரிக்கர்களாகவும் மாறி வந்தார்கள். தடை நீங்கிய பிறகும் பலர் விபிஎன்னை அணைக்கவில்லை. அது பாட்டுக்குப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. மொரிசியஸ் தவிர மற்றதை அடைப்பது என்ற விதி அப்போது இருந்திருந்தால் உள்ளூர்க் கடைக்கு உள்ளூர்க்காரரே வர முடியாமல் போயிருக்கும். நல்லவேளையாக அதற்கு முன்பே சோதனை விதிக்கு மாறியிருந்தேன். ஒரு சொடுக்கு கூடுதல், அவ்வளவுதான்.

குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பயனும் கணிசம். நிர்வாக நுழைவுப் பக்கத்தை மொரிசியஸுக்கு மட்டும் என்று சுருக்கியதும் கடவுச்சொல் ஊகிக்கும் முயற்சிகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. சர்வர் பதிவேட்டைத் திறந்தால் படிக்க முடிகிறது, அதுவே நிம்மதி. கார்டு சோதனை உடனே நிற்கவில்லை. சில வாரம் அமைதி, பிறகு பிரான்ஸிலிருந்து வந்தது. ரியூனியனுக்காக எஃப்ஆரைத் திறந்துவைத்திருக்கிறேன் அல்லவா, அங்கே மலிவாக சர்வர் வாடகைக்குக் கிடைக்கிறது. அப்போதுதான் நாட்டைவிட வலையமைப்பு எண்ணைப் பார்ப்பது பயன் என்று பட்டது. ஒவ்வொரு பெரிய நிறுவனத்தின் வலையமைப்புக்கும் ஏஎஸ்என் என்று ஓர் எண் உண்டு. சாம்பிராணி வாங்குபவர் வீட்டு இணைப்பிலிருந்தோ கைபேசியிலிருந்தோ வருவார், டேட்டா சென்டரிலிருந்து வரமாட்டார். விபிஎன் போட்டவர் மட்டும் விதிவிலக்கு; அவருக்காகத்தான் அங்கேயும் தடை போடாமல் சோதனை வைத்திருக்கிறேன். கட்டணப் பக்கத்தில் இந்த விதி வந்த பிறகு கட்டண நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வருவது அபூர்வமாகிவிட்டது.

இப்போதைய ஏற்பாடு இதுதான். கடைப் பக்கங்கள் உலகத்துக்கே திறந்திருக்கின்றன. நிர்வாகப் பக்கம் மொரிசியஸுக்கு மட்டும். வெளியூர் போனால் கடைக் கணினிக்குள் விபிஎன் வழியாக வருகிறேன். வேர்ட்பிரஸை வெளியிலிருந்து இயக்கும் பழைய வழியான எக்ஸ்எம்எல்-ஆர்பிசி எவருக்கும் கிடையாது. கட்டணப் பக்கத்தில் மொரிசியஸுக்கான எம்யூ, ஆர்ஈ, எஃப்ஆர், தென்னாப்பிரிக்காவுக்கான இசட்ஏ ஆகியவற்றின் வீட்டு இணைப்புகளும் கைபேசி இணைப்புகளும் நேராகப் போகும், மற்ற எல்லோருக்கும் சோதனை. ஆளின் இடத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக வருவதை கிளவுட்ஃபிளேர் டி1 என்றும், நாடு தெரியாததை எக்ஸ்எக்ஸ் என்றும் குறிக்கிறது, அவற்றுக்கும் சோதனைதான்.

அடைபட்டவருக்குக் காட்டும் பக்கத்தையும் கவனியுங்கள். தானாக வரும் ஆங்கிலப் பக்கம் எங்கள் பெரியவர்களைக் குற்றவாளி போல உணரவைத்தது. சோதனையில் தோற்றவருக்குப் பிரெஞ்சிலும் கிரியோலிலும் தமிழிலும் இரண்டு வரி, கீழே கடையின் வாட்ஸ்அப் எண் என்று காட்ட நினைத்தேன். ஆனால் இலவசத் திட்டத்தில் அந்தப் பக்கத்தை மாற்ற முடியாது. அதனால் கட்டணப் பொத்தானுக்கு மேலேயே அந்த வரிகளைப் போட்டுவைத்திருக்கிறேன். தைப்பூச வாரத்தில் அந்த எண்ணுக்கு வரும் ஆர்டர்களில் டர்பன்காரர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என்ன காரணத்தால் சோதனை அடிக்கடி வருகிறது என்று இந்த வாரம் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.