முழுக்கைச் சேட்டு: எடுப்பதா, தைப்பதா?

கந்தோருக்கோ கலியாண வீட்டுக்கோ நல்ல முழுக்கைச் சேட்டு ஒன்று தேவைப்படும்போது திருகோணமலையில் நமக்கு மூன்று வழிகள் உள்ளன. புடவைக்கடையில் றெடிமேட் சேட்டு எடுக்கலாம்; ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை என்று விற்கப்படுவனவற்றைக் கிளறிப் பார்க்கலாம்; துணி வாங்கித் தையற்காரரிடம் கொடுக்கலாம். பெரும்பாலோர் விலையைப் பார்த்து முடிவெடுக்கின்றனர். கழுத்தையும் தோளையும் பார்த்து முடிவெடுப்பதே சரியென்பது என் எண்ணம். இடுப்பு தொளதொளவென்றிருந்தால் பக்கத் தையலை உள்ளே பிடிக்கலாம், கை நீண்டிருந்தால் குறைக்கலாம். ஆனால், தோள் தையல் தோளெலும்பின் விளிம்பைத் தாண்டிக் கையில் இறங்கினாலோ, மேல் தெறியைப் பூட்டியபின் கொலருக்குள் இரண்டு விரல்கள் நுழையாவிட்டாலோ, அந்தச் சேட்டைச் சிறு செலவில் சீராக்க எவராலும் இயலாது.

றெடிமேட் சேட்டின் பெரும் வசதி, காசு கொடுக்குமுன் போட்டுப் பார்க்க முடிவதுதான். கொலரில் 15, 15½, 16 என்றிருப்பது கழுத்தின் சுற்றளவை அங்குலத்தில் குறிக்கும். 15½ என்பது ஏறத்தாழ 39 சென்ரிமீற்றர். கண்ணாடிமுன் நிமிர்ந்து நின்று பார்த்தால் எந்தச் சேட்டும் அழகாகத்தான் இருக்கும். கதிரையில் அமர்ந்து, கைகளை முன்னே நீட்டி, நெஞ்சுத் தெறிகளுக்கிடையே துணி வாய் பிளக்கிறதா என்று பார்க்க வேண்டும். தையல் நெருக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம்: ஓர் அங்குலத்தில் 14 தையல்களுக்கு மேலிருந்தால் கவனமாகத் தைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம், எட்டோ பத்தோ என்றால் வேறு கடை பார்ப்பது நல்லது. கொலருக்குள் வைக்கும் கன்வஸ் பெரும்பாலும் சூட்டினால் ஒட்டப்படுவது. ஒட்டு மட்டமானதாக இருந்தால், சில தடவை தோய்த்து மினுக்கியதும் கொலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்.

துணியில்தான் நம் ஊரவர் அதிகம் ஏமாறுகின்றனர். பொலியெஸ்ரர் கலந்த சேட்டு கசங்காது, விரைவில் உலரும், விலையும் குறைவு. ஆனால் கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் உவர்மலையிலிருந்து மத்திய வீதிக்கு மோட்டார் சைக்கிளில் போய்ச் சேருவதற்குள் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பருத்தி பொப்ளின் வியர்வையை உறிஞ்சிக் காற்றை உள்ளே விடும். அது கசங்கும் என்பதை மறைப்பதற்கில்லை. கோணேசர் கோவிலில் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்துவிட்டு மீண்டும் போட்டால், போன இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மினுக்கத் தேவையில்லை என்று விற்கப்படும் பருத்திச் சேட்டுகளுக்குப் பிசின் பதம் ஏற்றியிருப்பார்கள். அதனால் நூலின் வலு சற்றுக் குறையும்.

ஏற்றுமதி மிகுதியைப் பொறுத்தவரை, தையல் நேர்த்தி பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தைக்குத் தைத்தவற்றைவிட மேலாக இருக்கும். ஆயினும் அவை ஐரோப்பிய உடல்வாகுக்கு வெட்டப்பட்டவையாதலால், கழுத்து பொருந்தும் சேட்டின் கை நம்மவர் பெருவிரலை மூடும். கழித்து ஒதுக்கியவையும் அவற்றுள் கலந்திருக்கக்கூடும். இரு கைகளையும் சேர்த்துப் பிடித்து நீளம் ஒத்திருக்கிறதா என்றும், முன்துண்டின் நிறமும் கையின் நிறமும் ஒன்றுதானா என்றும் வெளிச்சத்தில் பார்க்காமல் எடுக்கக்கூடாது.

தைப்பதற்கு 58 அங்குல அகலத் துணியில் ஏறத்தாழ 1¾ மீற்றர் வேண்டும். பருத்தியானால் நனைத்து உலர்த்திய பின்பே கொடுக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் அப்படியே கொடுத்து, முதல் தோய்ப்பிலேயே கழுத்து இறுகிப்போனது. தடித்த கழுத்தும் ஒடுங்கிய தோளும் உள்ளவருக்கு, அல்லது ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருப்பவருக்கு, தையற்காரரை விட்டால் வேறு வழியில்லை. அளவு நாடாவை மட்டும் நம்பாமல், உடலுக்குச் சரியாக அமைந்த பழைய சேட்டு ஒன்றையும் அளவுக்குக் கொண்டுபோவது பாதுகாப்பானது. தீபாவளி, பொங்கல், நோன்புப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் புதிய தையற்காரரிடம் முதற் சேட்டைக் கொடுக்க வேண்டாம். அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது, திருத்தித் தரவும் நேரமிருக்காது.

என் அன்றாடச் சேட்டுகள் றெடிமேட்தான். கழுத்தும் தோளும் பொருந்தியதை எடுத்து, இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்வேன். வெள்ளைச் சேட்டை மட்டும் தைப்பிக்கிறேன், அதுவும் முதலில் ஒன்று மட்டும். நாலைந்து தடவை தோய்த்த பின்பும் கொலர் நிற்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த துணியை வாங்குவேன்.